புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்களே, நீங்கள் ஏன் இன்னும் விட்டுவிட்டுப் போகவில்லை?

கேள்வி: குருக்கள் மகன்

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வளர்ந்தவன். அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து இங்கே ஒரு முருகன் கோயிலுக்குக் குருக்களாக வந்தபோது நான் சின்னப் பையன். மருத்துவப் படிப்பு, 2 வருட இன்டர்ன்ஷிப் எல்லாம் முடித்து, இப்போது எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலின் வடகோடியில், எஸ்வாத்தினி நாட்டு எல்லைக்குப் பக்கத்தில், ஒரு மாவட்ட மருத்துவமனையில் கம்யூனிட்டி சர்வீஸ் (கட்டாய அரசு சேவை) வருடத்தில் இருக்கிறேன்.

அடுத்து என்ன என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் ஆஸ்திரேலியா, அயர்லாந்து என்று ஃபாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஆன்காலஜியில் (புற்றுநோய் மருத்துவம்) ரெஜிஸ்ட்ராராக, அதாவது சிறப்புப் பயிற்சி எடுக்கும் டாக்டராக, சேர ஆசை. இந்த நாட்டில் அந்தப் படிப்பில் கதிர்வீச்சு, கீமோ இரண்டும் ஒரே ஆள் கையில் வரும். நாலைந்து வருடம் பிடிக்கும்.

ஆசை எங்கிருந்து வந்தது என்றால், நான் அனுப்பும் முனையில் இருக்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோயோடு பெண்கள் வருகிறார்கள். பெரும்பாலும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து. (எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்த நோய் வர 6 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் ஓ.பி.யில் உட்கார்ந்தால் அதற்குப் புத்தகம் புரட்ட வேண்டாம்.) பயாப்ஸி எடுத்து, கடிதம் எழுதி, டர்பனுக்கு அனுப்புகிறேன். சிலர் ஆறேழு மாதம் கழித்து நிமிர்ந்து நடந்து வருகிறார்கள். ஒரு கோகோ (ஸூலுவில் பாட்டி) ஒரு பை நிறைய மடும்பி, நம்ம சேப்பங்கிழங்குதான், கொண்டுவந்து என் மேஜை மேலேயே கொட்டிவிட்டுப் போனார். சிலர் தேதி வருவதற்குள் எங்கள் வார்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு மார்ஃபின் சிரப் எழுதுவதும் நான்தான்.

நடுவில் டர்பனில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே இருப்பவர்களைப் போனில் மட்டும்தான் தெரியும். சிலர் பல வருடமாக அதே நாற்காலியில் இருக்கிறார்கள். எப்படி?

அப்பா இதைப் புண்ணியம் என்கிறார். அம்மா, "தினம் சாவைப் பாத்துட்டு ஆத்துக்கு வந்தா எப்படிடா சாதம் இறங்கும்" என்கிறாள். இரண்டு பேரும் வெளியே இருந்து பேசுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள். எது உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது? எப்போது கிளம்பிவிடலாம் என்று தோன்றியது? நேர்காணலில் "ஏன் ஆன்காலஜி" என்று கட்டாயம் கேட்பார்கள். பொய் கலக்காத பதில் ஒன்றும் இதுவரை என்னிடம் இல்லை.


பதில்: லெனேஷியா வாசி

நான் போனவன். போனவன் பேச்சு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

மருத்துவ இயற்பியலாளன். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் இருந்தேன். சிடி ஸ்கேனைத் திரையில் வைத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று திட்டம் போடுவது என் வேலை. திட்டம் போட்டு முடித்துவிடுவேன். மெஷினில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கட்டி வளர்ந்துவிடும், நோயாளி இளைத்துவிடுவார், பழைய ஸ்கேன் செல்லாது. மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். ஒரே ஆளுக்கு மூன்றாவது திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஏற்கனவே இறந்துவிட்டார் என்று கிளார்க் வந்து சொன்ன நாளும் உண்டு. அதோடு தனியாருக்கு மாறினேன்.

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. கௌட்டெங்கில் கதிர்வீச்சுக்குக் காத்திருப்பவர்களுக்காக மாகாணக் கருவூலம் 2023இல் 784 மில்லியன் ராண்ட் ஒதுக்கியது. பணம் ஒதுக்கியும் சிகிச்சை கிடைக்கவில்லை என்று நோயாளிகளுக்காகப் பேசும் கேன்சர் அலையன்ஸ் அமைப்பு வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் மாகாண சுகாதாரத் துறையின் செயல் சட்டவிரோதம் என்றது. துறை மேல்முறையீட்டுக்குப் போனது. அதாவது காசு இல்லாததால்தான் எல்லாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

தனியாரில் நிம்மதியா என்றால், தூக்கம் வருகிறது. மெஷின் ஓடுகிறது. ஆனால் நாட்டில் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் அளவில்தான். அவர்களுக்கும் வருடாந்திர ஆன்காலஜி வரம்பு தீர்ந்துவிட்டது என்று போன் வரும். அரசு மருத்துவமனையில் 'இல்லை' என்று நாங்கள் சொன்னோம், இங்கே கால் சென்டர் சொல்கிறது. அவ்வளவு வித்தியாசம்தான்.

சேருங்கள், சேராதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சேர்ந்தால் இயற்பியலாளர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள். டாக்டர்கள் அதைச் செய்வதில்லை.


பதில்: வேலூர்க்காரி

தம்பி, நான் ரேடியேஷன் தெரபிஸ்ட். படித்தது வேலூரில், வாழ்க்கைப்பட்டது டர்பனில், வேலை அரசு மருத்துவமனையில். எது என்று கேட்காதீர்கள். வெளியே பேசக்கூடாது என்று ஒரு கடிதம் எங்கள் நோட்டீஸ் போர்டில் மஞ்சளாகிப் போய் இன்னும் தொங்குகிறது. டாக்டர் அளவைச் சொல்வார், மேலே எழுதியிருக்கும் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் கணக்குப் போடுவார்கள், நோயாளியைப் படுக்க வைத்து, மில்லிமீட்டர் பார்த்து, கதவை மூடி, பொத்தானை அழுத்துவது நாங்கள்.

உங்கள் அம்மா கேட்டதை என் மாமியாரும் கேட்டிருக்கிறார். சாவை நான் தினமும் பார்ப்பதில்லை. தினமும் பார்ப்பது மூத்திரப்பையை. இடுப்புப் பகுதிக்குக் கதிர் கொடுக்கும்போது அது நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் குடல் மேலே ஒதுங்கும். அதனால் காலையில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் என் முதல் பேச்சே "தண்ணி குடிச்சாச்சா?" ஸூலுவில் நான் தடுமாறாமல் பேசக் கற்ற முதல் வாக்கியமும் அதுதான். மெஷின் அரை மணி நேரம் தாமதமானால் அத்தனை பேரும் காலை இறுக்கிக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்களில், பாதி சிகிச்சையில் கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்து, மெஷின் மறுபடி தயாராகி, எவ்வளவு கொடுத்தோம் மிச்சம் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் பார்த்து முடிக்கிற வரைக்கும் ஒரு பெண் அசையாமல் படுத்திருப்பார், நிறைந்த மூத்திரப்பையோடு. அன்றைக்கு எனக்கு வந்த கவலை அவர் உயிரைப் பற்றியது இல்லை.

டாக்டர் அவர்களை வாரம் ஒருமுறை பார்ப்பார். நாங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை. இடுப்புக்கு 25 தடவை, தொண்டைக்கு 30, 35 தடவை. இத்தனை தடவை ஒருவர் நம் முன்னால் துணி விலக்கிப் படுத்தபின் வெட்கம், மரியாதை எல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும். எந்த டாக்ஸி ரேங்க்கில் கட்டணம் ஏற்றினான், சாஸா பணம் (அரசு உதவித்தொகை) ஏன் இந்த மாதம் வரவில்லை, பேரன் மெட்ரிக்கில் கணக்கில் கோட்டை விடுவானா என்பதுதான் பேச்சு. நோயைப் பற்றி அவர்களும் பேச மாட்டார்கள், நாங்களும் பேச மாட்டோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பும் பெண்கள் எந்த நிலையில் கிளம்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ரத்தப்போக்கு. வாடை. அந்த வாடைக்காக பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்க, ராத்திரி முழுக்க ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வந்திருப்பார்கள். முதல் வாரம் எங்கள் காத்திருப்பு அறையில் கடைசி நாற்காலியில், ஜன்னல் ஓரம், போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிட்டால் தவிர வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ ரத்தம் நிற்கும். வாடை போகும். அடுத்த நாள் அந்தப் பெண் நடு வரிசையில், இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, யாரையோ கிண்டல் செய்துகொண்டிருப்பார். நான் ஏன் போகவில்லை என்றால் இதனால்தான். இதை டாக்டர்கள் பார்ப்பதில்லை, பாவம். அவர்களுக்கு ஃபைலில் 'ரத்தப்போக்கு நின்றது' என்று ஒரு வரி வரும்.

குணமாகும் நோய் தம்பி இது, பரவுவதற்கு முன்னால் வந்தால். வெளியிலிருந்து 25 கதிர், வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் (கீமோ மருந்து), பிறகு கதிர்வீசும் இரிடியத்தை உடம்புக்குள்ளேயே அனுப்பிக் கொடுக்கும் பிராக்கி. எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்தால் கட்டி முந்திக்கொள்ளும். ஈஸ்டர், ஏப்ரல் 27, மே 1 என்று லீவு வரிசையாக வரும் காலத்தில் எங்கள் பிரிவில் ஒரே சண்டை. சனிக்கிழமை யார் வருவது, யாருக்கு ஒரே நாளில் 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு கதிர் கொடுப்பது என்று. ஓவர்டைம் காசு வரும். எந்த நிதியாண்டில் என்று மட்டும் கேட்கக் கூடாது.

கிளம்பிவிடலாம் என்று தோன்றியது 2017இல். அந்த வருடம் ஜூனில் மனித உரிமை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. டர்பனின் அடிங்டன், இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளுக்கு உரிய சிகிச்சை தராமல் மாகாண சுகாதாரத் துறை அவர்கள் உரிமையை மீறியிருக்கிறது என்று. ஓடாத மெஷின்கள், நிபுணர் பற்றாக்குறை. டர்பன் அரசு மருத்துவமனைகளில் நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகிய செய்தி பேப்பரில் வராத வாரம் இல்லை. நான் எங்கே இருந்தேன் என்பதை விடுங்கள். அந்தக் காலத்தில் நான் செய்த முக்கிய வேலை போன் எடுப்பது. "சிஸ்டர், என் தேதி?" "இன்னும் வரலை மா." அதே குரல் அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரம் அவர் மகள் குரல்.

சாவு யாரையும் இந்த வேலையிலிருந்து துரத்தி நான் பார்த்ததில்லை. இறந்தவருக்காக அழுதுவிடலாம், அதற்கு நம்மிடம் வழி இருக்கிறது. அந்த போனுக்கு எப்படி அழுவது? அது வீட்டுக்குக் கூடவே வரும், சோற்றுத் தட்டு முன்னால் உட்காரும். அந்த வகையில் உங்கள் அம்மா சரியாகத்தான் சொல்கிறார், காரணம்தான் வேறு.

அப்போது யார் போகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். 'சேவை' என்று வாய் நிறையச் சொன்னவர்கள்தான் முதலில் போனார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. சேவை செய்ய வந்தவருக்கு, செய்யவிடாத இடத்தில் நிற்க ஒரு காரணமும் இருக்காது. நின்றவர்கள் எல்லாம் இந்த வேலையில் ஏதோ ஒரு மூலையைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டவர்கள். எங்கள் இயற்பியலாளர் ஒருவர், ஆஃப்ரிகான்ஸ்காரர், காலையில் யாரும் வருவதற்கு முன் மெஷினைச் சரிபார்க்கும் அந்த நேரத்தை யாருக்கும் விட்டுத் தர மாட்டார். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு எந்த ஊருக்கு எந்த நாள் பேஷண்ட் பஸ் போகும் என்பது தலைகீழ்ப் பாடம். அவளை மேலே பதவி உயர்த்திப் போட்டார்கள், போகமாட்டேன் என்றுவிட்டாள்.

என் மூலை மாஸ்க். தலை, தொண்டைக்குக் கதிர் கொடுக்கும்போது தலை அசையக் கூடாது. பிளாஸ்டிக் வலையைச் சுடுநீரில் இளக்கி, முகத்தின் மேல் வைத்து, அது இறுகும் வரை மூக்கு, தாடை என்று விரலால் பதிய வைக்க வேண்டும். சூடு முகத்தில் பட்டதும் எல்லாரும் ஒரு நிமிடம் பயப்படுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் கையை எங்கே வைப்பது, என்ன பேசுவது என்பது எந்தப் பாடத்திலும் கிடையாது. எனக்கு வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, வரும்.

ஒரு தைப்பூச சமயம். தொண்டைப் புற்றுநோய்க்காரர், டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம். வருடா வருடம் காவடி எடுப்பவர், பத்து நாள் விரதம். தொண்டை முழுக்கப் புண், அதில் ஒருவேளைச் சாப்பாடு. ஒரே வாரத்தில் கன்னம் ஒட்டி மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிட்டது. அது தளர்ந்தால் குறி தப்பும், பக்கத்தில் தண்டுவடம் இருக்கிறது. டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார். இவர் "யெஸ் டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு விரதத்தைத் தொடர்ந்தார். அவரிடமே அனுமதி கேட்டு அவர் கோயில் குருக்களுக்குப் போன் போட்டேன். (உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்!) குருக்கள் அவரை நேரில் வரச் சொல்லி, "வியாதிக்காரனுக்கு விரதம் விதிக்கலை. இந்த வருஷம் பால்குடம் போதும். குடத்தை உன் பிள்ளை தூக்கட்டும், பாலை நீ குடி" என்றாராம். மறுநாள் வந்து அதை அப்படியே எங்களிடம் நடித்துக் காட்டினார். புது மாஸ்க் செய்தோம், புதுத் திட்டம் போட்டார்கள், 35ம் முடித்தார்.

இன்னொரு அம்மா. மார்புக்குக் கதிர். தாலிச் சங்கிலியைக் கழற்ற முடியாது என்று கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அந்த ஆஃப்ரிகான்ஸ்காரர் கிழங்கைக் கையில் வாங்கி ஸ்கேல் வைத்து அளந்து, கதிர் படும் பரப்புக்கு மேலே தள்ளிக் கட்டினால் சரி என்று ஃபைலில் எழுதி கையெழுத்துப் போட்டார். அந்த ஃபைலை யாராவது தணிக்கைக்கு எடுத்தால் என்ன நினைப்பார்களோ. தோலில் மஞ்சள் பூசக் கூடாது என்று மட்டும் அந்த அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நேர்காணல் பதில் எனக்குத் தெரியாது. ஆனால் சேரும் முன் அந்தப் பிரிவில் சில விஷயங்களை விசாரியுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை ரெஜிஸ்ட்ரார்கள் பாதியில் போனார்கள். காத்திருப்புப் பட்டியலை யார் கையில் வைத்திருக்கிறார்கள், தலைமை டாக்டர் அதை வாரா வாரம் பார்க்கிறாரா, இல்லை கிளார்க்கின் மேஜையில் தூங்குகிறதா. தலைமை டாக்டர் வெள்ளிக்கிழமை மாலை டூட்டியை எடுக்கிறாரா. இதற்கெல்லாம் சரியான பதில் கிடைத்தால் சேருங்கள், உங்கள் மூலையை அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம். பதில் சரியில்லை என்றால் வேறு ஊரில் விண்ணப்பியுங்கள். மோசமான பிரிவில் நல்ல மனசு இரண்டு வருடம்கூடத் தாங்காது.


குருக்கள் மகன்

வேலூர் அக்கா, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தான் இல்லை என்கிறார், ஆனால் "நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்று கொஞ்சம் பொறாமையாகவே சொன்னார்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. நீங்களும் லெனேஷியா அண்ணனும் சுற்றிச் சுற்றி அந்த 'இல்லை'யைத்தான் சொல்கிறீர்கள். எனக்கும் இங்கே அதுதான் வரவில்லை. போன மாதம் ஒரு பெண்ணிடம், இனி டர்பனுக்கு அனுப்பிப் பயனில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சிறுநீரகம் இரண்டும் அடைத்துவிட்டது. சொன்னேன். அவர் "ங்கியபொங்கா டொகொடேலா" என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இதற்குப் பழக்கம் வருமா?


பதில்: சாட்ஸ்வர்த் சிஸ்டர்

வணக்கம் கண்ணு. எனக்கு எழுபது தாண்டிடுச்சு. நான் சொல்லச் சொல்லப் பேரன் போன்ல அடிக்கிறான், தப்பு இருந்தா அவனைத் திட்டு. நான் கீமோ சிஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவ.

நான் ஏன் இருந்தேன்னு கேட்டா, முதல்ல சம்பளம். வெட்கம் என்ன இதுல? எங்க வீட்டுக்காரர் துணி ஃபேக்டரியில கட்டர். தொண்ணூறுகள்ல வெளிநாட்டுத் துணி வந்து டர்பன்ல ஃபேக்டரி ஒண்ணொண்ணா மூடினாங்க, அவர் வேலையும் போச்சு. மூணு பிள்ளைங்க. அரசாங்கச் சம்பளம், பென்ஷன். வார்டுல மனசு நொந்தாலும் மாசக் கடைசியில அரிசி பருப்பு வாங்கணும். உங்க மாதிரி படிச்சவங்க இதைச் சொல்லக் கூச்சப்படுறாங்க.

அந்தக் காலத்துல கீமோ மருந்தை நாங்களேதான் கலப்போம், வார்டு மேஜை மேலேயே. இப்ப இருக்கிற கண்ணாடிப் பெட்டி எல்லாம் கிடையாது. சிஸ்பிளாட்டின் போட்ட ராத்திரி, வார்டு முழுக்க வாந்தி. பேசின் தூக்கி தூக்கியே என் முதுகு போச்சு. அப்புறம் வாந்தியை நிறுத்துற ஒண்டான்செட்ரான் மருந்து வந்துச்சு. ஒரு ராத்திரி டூட்டிக்குப் போறேன், வார்டு அமைதியா இருக்கு. எல்லாரும் செத்துட்டாங்களோன்னு பயந்து ஓடிப் பாத்தா, தூங்குறாங்க! அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த வேலை பிடிச்சுது. அதுக்கு முன்னாடி பிடிச்சுதுன்னு சொன்னா பொய்.

நீ கேட்ட 'இல்லை' பத்தி. 1997ல தியாகராஜ் சுப்ரமணி கேஸ், உனக்குப் பாடத்துல வந்திருக்கும். எங்களுக்கு அது டர்பன் ஆளு கதை. கிட்னி போயிடுச்சு, அடிங்டன்ல டயாலிசிஸ் கேட்டார். மெஷின் பத்தாது, வேற நோயும் இருந்ததால ரூல்ல அவர் வரலை. கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் வரைக்கும் போனார். நவம்பர் 27ல கிடையாதுன்னு தீர்ப்பு. கொஞ்ச நாள்ல போயிட்டார். எங்க டீ ரூம்ல ஒரே பேச்சு, எல்லாரும் நீதிபதியைத் திட்டுறாங்க. எங்க மேட்ரன் மட்டும் ஒண்ணு கேட்டா: "முதன்முதல்ல அந்த ஆளுகிட்ட ஆஸ்பத்திரியில யாரோ ஒருத்தர் முடியாதுன்னு சொல்லியிருப்பாங்கல்ல? அவங்க தனியா நின்னு சொன்னாங்களா, பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" யாருக்கும் தெரியலை.

அன்னையிலேருந்து எங்க வார்டுல ஒரு ரூல். கெட்ட சேதியை டாக்டர் தனியா சொல்லக் கூடாது. சிஸ்டர் ஒருத்தி கூட உட்காரணும். டாக்டர் எழுந்து போனப்புறம் சிஸ்டர் அங்கேயே உட்கார்ந்திருக்கணும், டீ வரும் வரைக்கும். டீ நோயாளிக்கு, அவங்க கூட வந்தவங்களுக்கு, சிஸ்டருக்கு. டாக்டர் டீ ரூமுக்கு வந்து அவர் டீயைக் குடிக்கணும், அங்க ரெண்டு பேராவது இருக்கணும். சின்ன டாக்டர்ங்க முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் டீ இல்லாத நாளுல அவங்களே கேட்டாங்க.

பழக்கம் வராது கண்ணு. வரவும் வேண்டாம். ஆனா தனியா சொல்லாதே. உன் ஆஸ்பத்திரியில சிஸ்டர் இருப்பாள்ல, நாளைக்கே கேளு.

மார்ஃபின் நல்லா எழுதக் கத்துக்கோ. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நேரம் பாத்து, வலி வர்றதுக்கு முன்னாடி. மலச்சிக்கலுக்கும் சேத்து எழுது, எல்லா டாக்டரும் அதை மறப்பாங்க.


வேலூர்க்காரி

சிஸ்டர் அம்மா, உங்கள் டீ ரூலை நாளைக்கே எங்கள் பிரிவில் சொல்லப் போகிறேன். டீக்கு யார் காசு என்று முதலில் ஒரு மீட்டிங் போடுவார்கள், பரவாயில்லை.

தம்பி, நீங்கள் சொன்ன அந்தப் பெண்ணைப் பற்றி. சிறுநீரகம் அடைத்த எல்லாருக்கும் கதவு மூடியது என்று இல்லை. நெஃப்ராஸ்டமி குழாய் (முதுகு வழியாகச் சிறுநீரை வெளியே எடுப்பது) போட்டு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) இறங்கியபின் முழுச் சிகிச்சை முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாவிட்டாலும் கதிர் மட்டும் கொடுக்கலாம். அவருக்கு அது பொருந்துமா என்பதை நான் சொல்ல முடியாது, டாக்டர்கள் வேலை. ஆனால் அடுத்த தடவை நீங்களே தனியாக முடிவு கட்டுவதற்கு முன் எங்கள் பக்கத்து ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு போன் போடுங்கள். அவர்கள் உங்களை விட ஒன்றிரண்டு வருடம்தான் மூத்தவர்கள், கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அந்தப் பிரிவில் சேராதீர்கள், விசாரணையும் முடிந்தது.

லீவு கிடைத்தால் பிராக்கி நடக்கும் நாளில் ஒருமுறை வந்து நில்லுங்கள். உங்கள் தலைமை டாக்டர் எங்கள் தலைமை டாக்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள், மெஷின் அறை குளிரும். காலையில் வந்தால் காத்திருப்பு அறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், வெள்ளைக் கோட்டு இல்லாமல். நீங்கள் அனுப்பிய ஆள் யாராவது அங்கேயே இருந்தாலும் இருப்பார்கள்.

அப்புறம் ஒரு விண்ணப்பம், உங்கள் ஊர் டாக்டர்கள் எல்லாருக்கும். ரெஃபரல் கடிதத்தில் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், வைரல் லோடு (ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவு) மூன்றையும் போட்டு அனுப்புங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ரத்தம் ஏற்றிவிட்டு அனுப்புங்கள், எங்களிடம் வந்து ஏற்ற ஒரு வாரம் போகிறது. பயாப்ஸி முடிவைக் கூடவே இணையுங்கள், 'பின்னால் வரும்' என்று எழுதினால் அது வராது. போன் நம்பர் இரண்டு வேண்டும். நோயாளியின் நம்பர் பாதி நேரம் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது, அல்லது அடுத்த மாதம் மாறிவிடுகிறது. தேதி கிடைத்தும் ஆளைப் பிடிக்க முடியாமல் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறோம். இரண்டாவது நம்பர் பக்கத்து வீடோ, கடையோ, சர்ச்சோ, யாராக இருந்தாலும் சரி, போனை எடுக்கிற ஆளாக இருக்கட்டும்.